எட்டு போல்ட்டு

அன்னவாசல் கடைவீதியைத் தாண்டி இலுப்பூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் நீல எழுத்தில் ஒரு போர்டு தெரியும். 'எஸ். ரெங்கராஜ், பி.இ., கம்ப்யூட்டர் முறையில் கார் பழுது பார்க்கப்படும்.' அதில் அந்த 'பி.இ.' மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிது. பெயின்டர் அளவு தெரியாமல் எழுதிவிட்டான் என்று சொல்லி யாரும் சமாளித்துக்கொள்ளலாம். ரெங்கராஜ் சமாளிக்க மாட்டான். "நான்தான் பெருசா எழுதச் சொன்னேன். என்ன இப்ப?" என்பான்.

அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. அன்னவாசலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, கருவைக்காட்டுக்கு நடுவில் இருக்கிற அறுபது வீட்டு ஊர் அவனுடையது. அந்த ஊரில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் அவன். அப்பா கல்குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றியவர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தார். "ஒங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் படிக்கலைங்கிறதுக்கு என்னய்யா ஆதாரம்?" என்று கிளார்க் கேட்டதற்கு, அவர் இரண்டு கையையும் விரித்து மேசை மேல் வைத்தாராம். ரேகை இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் கல் தேய்த்து வைத்திருந்தது. அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. அப்பா இப்போது இல்லை. அந்தச் சான்றிதழ் மட்டும் லேமினேட் ஆகி, கடையில் காற்றடிக்கிற மெஷினுக்கு மேலே தொங்குகிறது.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், லாரி எடைமேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. செல்போன் நம்பரைக்கூடச் சுவரில் கரித்துண்டால்தான் எழுதியிருக்கும். அது மதுரைவீரனின் கொட்டகை. ரெங்கராஜுக்கு அத்தை மகன், இரண்டு வயது மூத்தவன். பத்தாவதில் கணக்கில் தவறி, மறுபடி எழுதியும் தவறி, அதோடு ஸ்பானரைக் கையில் எடுத்தவன். டிராக்டர், டிப்பர், வேன், எதுவானாலும் கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் சுத்துப்பட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வீரன்கிட்ட விடு."

ரெங்கராஜுக்கு அந்தக் கொட்டகையைப் பார்த்தாலே வயிறு எரியும்.

மேலே இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் ஊர் ஒத்துக்கொள்ளும். இரண்டு தடவை ஃபெயில் ஆனவனைப் பார்த்து ஒரு இன்ஜினியர் பொறாமைப்படுகிறான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் அது உள்ளேயே கிடந்தது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் நாள்கூட அவனுக்குத் தெரியும். பத்தாவது ரிசல்ட் வந்த வருசம், வைகாசித் திருவிழாவில் ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்து, "நம்ம ஊரு ரெங்கராஜ் ஐந்நூறுக்கு நானூத்தி..." என்று ஆரம்பித்தபோது ஜெனரேட்டர் நின்றுபோனது. இருட்டில் அரைமணி நேரம் ஊரே உட்கார்ந்திருந்தது. பதினேழு வயது வீரன் உள்ளே கையை விட்டு எதையோ திருகினான். லைட் வந்தது, மைக்கும் வந்தது. தலைவர் சொன்ன முதல் வார்த்தை, "நம்ம வீரனுக்கு ஒரு கைதட்டு கொடுங்கப்பா!" மார்க்கைச் சொல்ல அப்புறம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

படிப்பு முடிந்து ஓசூரில் இரண்டு வருசம் ஒரு கம்பெனியில் நட்டுகளை அளந்து பார்க்கிற வேலை செய்தான். பிறகு திரும்பி வந்து கடை போட்டான். ஸ்கேனர் வாங்கினான். வண்டியில் ஒயரைச் செருகினால் என்ன கோளாறு என்று திரையில் எழுத்தாக வரும். ஆட்கள் வந்து அந்த எழுத்தை வாசித்துக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போவார்கள்.

போன தை மாதம் ஒரு நாள் காலையில், தட்டையான இழுவை லாரி ஒன்று ரெங்கராஜ் கடை வாசலில் வந்து நின்றது. அதன் முதுகில் தார்ப்பாயால் மூடிய ஒரு கார். பின்னாலேயே இன்னொரு காரில் வந்தவர் சூர்யநாராயணன். திருமயம் பக்கத்துச் செட்டியார் குடும்பம், சென்னையில் தொழில், நாற்பது வயது இருக்கும். தார்ப்பாயை விலக்கினார்கள். அடர்ந்த பச்சை நிறத்தில், இரண்டே கதவுடன், தரையோடு ஒட்டிப் படுத்த மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருசத்து ஜப்பான் வண்டி. பக்கத்து டீக்கடைக்காரன் பிரசாந்த் கையிலிருந்த கிளாசோடு ஓடி வந்து பார்த்தான்.

"எங்க அப்பச்சி மலேசியாவுல இருந்து கப்பல்ல கொண்டுவந்தது" என்றார் சூர்யநாராயணன். "ஆட்டோமேட்டிக். அப்பச்சிக்கு முழங்கால் வலி, அதனால கிளட்ச் மிதிக்க முடியாதுன்னு அதை எடுத்தாங்க. இப்ப அந்த கியர்பாக்ஸ் போயிருச்சு. உள்ள போடப் பார்ட்ஸும் கிடைக்கல. இதே வண்டிக்கு அந்தக் காலத்துலயே ஆறு கியர் மேனுவலும் கம்பெனி போட்டிருந்துச்சு. அதை முழு செட்டா மலேசியாவுலயே பிடிச்சுட்டேன். மாத்தித் தர முடியுமா? ஆர்.டி.ஓ. பேப்பரையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

ரெங்கராஜ் அவரை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினான். ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டு, எந்த கியரில் எஞ்சின் எத்தனை சுற்றுக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்று கணக்கோடு சொன்னான். பாதிப் பேச்சு இங்கிலீஷிலேயே ஓடியது. சூர்யநாராயணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நாலு வருசப் படிப்பும் அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் படித்தோம் என்று ரெங்கராஜுக்குத் தோன்றியது.

"பிரமாதம்" என்றார் அவர். "ஒங்க கையால இதுவரைக்கும் எத்தனை கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தியிருக்கீங்க?"

"மூணு சார்."

அதில் இரண்டு தடவை பக்கத்தில் வீரன் இருந்தான் என்பதை அவன் சொல்லவில்லை.

சூர்யநாராயணன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். பிரசாந்த் கடையில் அவர் என்ன கேட்டார் என்பது தெரியாது. பிரசாந்த் கையை நீட்டி எதிர்ப்பக்கம் காட்டியதை மட்டும் ரெங்கராஜ் பார்த்தான். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் சிரித்த முகமாகச் சொன்னார்: "அவர் ஒங்க சொந்தக்காரர்தானாமே! அப்ப நல்லதாப் போச்சு. வேலையை அவர் செய்யட்டும். இங்கிலீஷ் புத்தகம் ஒண்ணு இருக்கு, பார்ட்ஸ் லிஸ்ட் இருக்கு. அதையெல்லாம் நீங்க படிச்சுச் சொல்லுங்க."

படிச்சுச் சொல்கிற வேலை! லாரி பின்வாங்கி, அவன் போர்டை உரசுகிற மாதிரி திரும்பி, எதிர்ப்பக்கம் போய்ப் பச்சைக் காரை இறக்கியது.

வீட்டுக்குப் போனால் ஆத்தா மீனம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"வீரன் கையில ஏதோ செட்டியார் வீட்டுக் காரு வந்திருக்காமே? தவளை மாதிரி படுத்திருக்குன்னாளுக."

"மொதல்ல என் கடைக்குத்தான் ஆத்தா வந்துச்சு."

"அதான் வந்துட்டுப் போயிருச்சே" என்றாள் அவள். வேண்டுமென்று சொல்லவில்லை. ரசத்தை ஊற்றுகிற கவனத்தில் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

பத்து நாள் கழித்து மரப்பெட்டி வந்தது. முகவரி என்று ஒன்று இருப்பது ரெங்கராஜ் கடைக்குத்தான், அதனால் பெட்டி அவனிடம்தான் இறங்கியது. ஆணியைப் பிடுங்கித் திறந்து, லிஸ்ட்டில் இருந்த இருபத்து மூன்று சாமானையும் ஒவ்வொன்றாக டிக் அடித்தான். கியர்பாக்ஸ், கிளட்ச் பெடல், ஃப்ளைவீல், பேரிங். பதினான்காவதாக எழுதியிருந்தது ஃப்ளைவீல் போல்ட், எட்டு. உள்ளங்கை அளவு பழுப்புக் கவரில், மேலே பெயர் எழுதிய பேப்பர் ஒட்டி வந்திருந்தது. அந்தப் பேப்பரிலும் ஒரு டிக் போட்டான். கிரீஸ் குப்பையில் எங்கேயாவது விழுந்து தொலைந்துவிடும் என்று அதை எடுத்துத் தன் மேசை டிராயரில் போட்டான். அப்போது அவன் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. மற்ற எல்லாவற்றையும் குட்டியானையில் ஏற்றி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினான்.

வீரன் வேலை செய்கிற முறையே தனி. எழுதி வைக்க மாட்டான், படம் எடுக்கவும் மாட்டான். கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் நட்டுக்கும் கொட்டாங்குச்சிதான். சாக்கை விரித்து, அதன் மேல் கொட்டாங்குச்சிகளை வண்டியின் வடிவத்திலேயே பரப்பி வைப்பான். முன்னால் கழன்றது முன்னால், இடப்பக்கம் கழன்றது இடப்பக்கம். யார் காலும் அதில் படக்கூடாது. "எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே போகணும்" என்பதுதான் அவனுடைய ஒரே சட்டம். பதினாலு வருசமாக ஒரு போல்ட்கூட அவனுக்கு மிஞ்சியதில்லை, குறைந்ததும் இல்லை.

பச்சைக் காரின் பழைய கியர்பாக்ஸ் இறங்கிய அன்று கொட்டகையில் கூட்டம். கல்லூரி போகிற பையன்கள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ரெங்கராஜ் கையில் புத்தகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எஞ்சினின் வால் பக்கம் ஒரு மெல்லிய தகடு. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது போதும். வீரன் அதைக் கழற்றி, அதன் எட்டு போல்ட்டையும் கொட்டாங்குச்சியில் போட்டான். அந்த இடத்தில் இப்போது ஃப்ளைவீல் உட்கார வேண்டும். கனத்த இரும்புச் சக்கரம், தகட்டைவிடப் பல மடங்கு தடிமன். வண்டிக்கு அடியில் குழியில் நின்றபடி வீரன் அதைத் தூக்கி வைத்து, கொட்டாங்குச்சியிலிருந்த எட்டு போல்ட்டையும் மாட்டத் தொடங்கினான். பாதியில் கை நின்றது.

"மாப்ள."

"என்ன மச்சான்?"

"நாலு மரைதான் ஏறுது. பட்டுனு நின்னுருது. புத்தகத்துல இதுக்கு நீளமா வேற போல்ட் ஏதும் போட்டிருக்கானா, பாரு."

அந்த நேரம் பார்த்து, செல்போன் பிடித்திருந்த பையன் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீரண்ணே, பி.இ. படிச்சவரையே ஒங்களுக்கு வாசிச்சுக் காட்ட வச்சுட்டீங்களேண்ணே! பாட நேரம் போல இருக்கு!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. வீரன் சிரித்தானா என்பது குழிக்குள் தெரியவில்லை. ரெங்கராஜுக்குக் காது சூடேறியது. டிராயரில் இருக்கும் பழுப்புக் கவர் அவன் கண் முன்னால் வந்தது, எட்டு நீளப் போல்ட்டுகளும் ஒட்டியிருந்த பேப்பரும் சேர்ந்து வந்தன. புத்தகத்தை விரல் வைத்துப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் தெளிவாகவே போட்டிருந்தது.

"அப்படி ஒண்ணும் போடலையே மச்சான்" என்றான்.

"சரி. படிச்சவன் நீ சொல்றே" என்று சொல்லிவிட்டு வீரன் ஸ்பானரைப் போட்டு இறுக்கினான்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு வரி. இருமிக்கொண்டு, "இரு மச்சான், இன்னொரு தடவை பாக்குறேன்" என்று அடுத்த நிமிடமே மாற்றியிருக்கலாம். ரெங்கராஜ் மாற்றவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீரன் கை வைத்த வண்டி ஒன்று முதன்முறையாகத் தோற்கப் போகிறது. ஃப்ளைவீல் ஆட்டம் கொடுக்கும், சத்தம் வரும், சூர்யநாராயணன் முகம் சுளிப்பார். கவரை அப்புறம் எடுத்துக்கொடுத்து, 'இதை நான்தான் கண்டுபிடித்தேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதைத் தாண்டி நினைக்க அவன் மனசை விடவில்லை.

வேலை ஓடியது. புது கியர்பாக்ஸ் ஏறியது. பின்சக்கரத்தைச் சுழற்றுகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் ஒத்துவரவில்லை, புதுக்கோட்டை லேத்துப் பட்டறைக்குப் போய் அளவெடுத்து வெட்டி வந்தது. கிளட்ச் பெடலை மாட்டினார்கள். எல்லாம் முடிந்து சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை. வீரன் பேட்டரியைப் பார்த்தான், வேறு எதையெதையோ பார்த்தான், ஒன்றும் புரியவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் லீவர் 'பார்க்' நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். இப்போது அந்த லீவரே இல்லை, வண்டிக்கு எப்படித் தெரியும்? ரெங்கராஜ் ஒயரிங் படத்தை விரித்து வைத்து, இரண்டு மணி நேரம் தேடி, சரியான இரண்டு ஒயரைச் சேர்த்தான். மறு திருகலில் எஞ்சின் உறுமியது.

பிரசாந்த் டீக்கடையிலிருந்தே விசில் அடித்தான். "வீரா! கெளப்பிட்டியேடா!"

"நான் இல்லப்பா, மாப்ளதான்" என்று வீரன் கத்தியது எஞ்சின் சத்தத்தில் ரோட்டைத் தாண்டவில்லை.

அன்றைக்கு ரெங்கராஜுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த உறுத்தலும் போய்விட்டது. வண்டியை ஓட்டிப் பார்க்கிற வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சூர்யநாராயணன் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே வீரன் குளித்து, சலவைச் சட்டை போட்டு, ரெங்கராஜ் கடைக்கு வந்தான். கையில் பச்சைக் காரின் சாவி. அதை மேசை மேல், அந்த டிராயருக்கு நேர் மேலே வைத்தான்.

"மாப்ள, மொதல் ஓட்டம் நீ ஓட்டு."

"நானா? நான் எதுக்கு மச்சான்?"

"ஓனர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஒயரு பாத்தது நீ. புத்தகம் பாத்தது நீ. நீ சொன்னதைத்தான் நான் மாட்டினேன். சித்தன்னவாசல் விலக்கு வரைக்கும் ஒரே மிதி மிதிச்சுட்டு வா. ஊருல எவனெவனோ எதெதையோ பேசுறான், பாக்கட்டும்."

அவன் போன பிறகும் ரெங்கராஜ் சாவியைத் தொடவில்லை. எல்லாவற்றிலும் முந்துகிறவன், கொடுப்பதிலும் முந்திக்கொண்டான். அதை நினைத்து எரிச்சல்பட்ட அதே மூச்சில், ஓசூர்க் கம்பெனியில் பயிற்சியின்போது காட்டிய ஒரு படம் ஞாபகம் வந்தது. வேகத்தில் ஃப்ளைவீல் போல்ட் அறுந்து, சக்கரம் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த வண்டி. அது கிழித்த இடம் டிரைவரின் கால் இருக்கிற இடம்.

வீரனின் கால் என்று நினைத்திருந்தபோது அந்தப் படம் ஞாபகத்துக்கு வரவில்லை.

பத்து மணிக்கு எல்லோரும் கூடிவிட்டார்கள். சூர்யநாராயணன் இடப்பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வெளியே நின்ற வீரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ரெங்கராஜ் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தான். சீட் தரையோடு தரையாக இருந்தது. சாவியைத் திருகினான். கிளட்ச்சை மிதித்தான். முதல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. அதற்கும் ஒரு கணம் வயிறு எரிந்தது. கிளட்ச்சை மெதுவாக விட்டான். கார் கொட்டகையை விட்டு நகர்ந்து, எடைமேடையைத் தாண்டி, ரோட்டு விளிம்புக்கு வந்தது. நேர் எதிரே அவன் போர்டு. பெரிய எழுத்தில் பி.இ.

பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தான்.

"என்னாச்சு?" என்றார் சூர்யநாராயணன்.

ரெங்கராஜ் கதவைத் திறந்து இறங்கினான். வீரன் ஓடி வந்தான். "என்ன மாப்ள, ஆஃப் ஆயிருச்சா?"

"இறக்கணும் மச்சான்."

"என்னத்தை?"

"கியர்பாக்ஸை."

செல்போன் பையன்கள்கூடப் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ரெங்கராஜ் ரோட்டைக் கடந்து போய், டிராயரைத் திறந்து, பழுப்புக் கவரை எடுத்துவந்து வீரன் கையில் வைத்தான்.

வீரன் கவரைக் கிழித்து ஒரு போல்ட்டை எடுத்தான். கட்டைவிரலை ஓரமாக வைத்து நீளம் பார்த்தான். கவரில் ஒட்டியிருந்த பேப்பரில் ரெங்கராஜ் போட்டிருந்த டிக்கையும் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, டிக் தெரியும். அப்புறம் தலையைத் தூக்கி ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு நேரம் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

"என்னங்க பிரச்சனை?" சூர்யநாராயணன் இறங்கி வந்தார்.

வீரன் அவர் பக்கம் திரும்பினான். "ஒண்ணுமில்ல சார். நான் கழட்டின பழைய போல்ட்டையே போட்டுட்டேன், அது சின்னது. மாப்ள பாத்துருச்சு. திங்கக்கிழமை வாங்க, சுத்தமா முடிச்சு வைக்கிறேன்."

சூர்யநாராயணன் ரெங்கராஜின் முதுகில் தட்டினார். "பாருங்க, இதுக்குத்தாங்க படிச்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணுங்கிறது. தப்பிச்சோம்!"

பிரசாந்தும் சேர்ந்துகொண்டான். "இன்ஜினியர்னா சும்மாவா!"

எத்தனை வருசமாக அவன் காத்திருந்த வார்த்தை அது. கூட்டத்துக்கு நடுவில், வீரன் பக்கத்தில் நிற்கும்போதே, சத்தமாகச் சொல்லப்பட்டுவிட்டது. ரெங்கராஜ் அதைக் கேட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் குழிக்குள் வேலை செய்தார்கள். கொட்டகையில் வேறு ஆளை வீரன் சேர்க்கவில்லை. கியர்பாக்ஸ் இறங்கியது, கிளட்ச் கழன்றது, ஃப்ளைவீல் தெரிந்தது. எட்டு போல்ட்டில் மூன்று, இந்த ரெண்டு நாள் ஓட விட்டதற்கே தளர்ந்திருந்தன. விரலால் திருகினாலே வந்தன. வீரன் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நான் கேட்டப்ப ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மச்சான்."

"ம்." ஸ்பானரை மாற்றிப் பிடித்தான். "நேத்து நான் ஓட்டுறதா இருந்தா சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்வது சுலபம். வீரன் நம்பக்கூடச் செய்வான், இன்னொரு தடவை. அதனாலேயே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல" என்றான் ரெங்கராஜ்.

வீரன் நீளப் போல்ட் ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினான். "நீ மாட்டு. எட்டையும் நீயே மாட்டு. எத்தனை இறுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்குமே, அந்த அளவுக்கு இறுக்கு."

ரெங்கராஜ் மாட்டினான். முதல் போல்ட் முழுசாக உள்ளே போய், பதினோரு மரை ஏறி நின்றது. அவன் எண்ணிக்கொண்டே திருகினான். எட்டையும் எண்ணினான். வீரன் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரெங்கராஜுக்கு இருந்தது. கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூடக் கணக்கு நேராகியிருக்கும். இப்படி ஒரு பொறுமை இவனுக்கு எங்கிருந்து வந்தது, இதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று குழிக்குள் குனிந்தபடி அவனுக்குப் பழைய எரிச்சலே புது இடத்தில் மூண்டது.

சாயங்காலம் கழன்ற சின்னப் போல்ட் எட்டையும் வீரன் ஒரு கொட்டாங்குச்சியில் போட்டான். பதினாலு வருசத்தில் அவனிடம் மிஞ்சிய முதல் போல்ட்டுகள். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, ரோட்டைக் கடந்து போய் ரெங்கராஜின் மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை முதல் ஓட்டத்துக்குச் சாவியை வீரன் நீட்டியபோது ரெங்கராஜ் வாங்கவில்லை. "நீ ஓட்டு மச்சான். நான் இங்கிட்டு நின்னு சத்தத்தைக் கேக்குறேன்." வீரன் வற்புறுத்தவில்லை. சூர்யநாராயணனை ஏற்றிக்கொண்டு, ரோட்டில் இறங்கிப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினான்.

கடை வாசலில் போர்டுக்குக் கீழே நின்று ரெங்கராஜ் காதைக் கொடுத்தான். வண்டி கண்ணுக்கு மறைந்தும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு. கடைவீதி நெரிசலில் ஒரு நிதானம், பிறகு மூன்று. ஊரைத் தாண்டியதும் நாலு. எஞ்சின் குரல் ஏறி, ஒரு சின்னத் தொய்வு விழுந்து, ஐந்து. ஒவ்வொன்றையும் அவன் விரல் மடக்கி எண்ணினான். எங்கேயாவது ஒரு பல் கடிக்காதா, ஒரு முனகல் வராதா என்று அவனை மீறி அவன் காது தேடிக்கொண்டே இருந்தது. அந்த எட்டும் அவன் கையால் இறுக்கியவை, இருந்தும் தேடியது.

"என்ன இன்ஜினியரு, கணக்குப் போடுறீங்க?" என்று டீயைக் கொண்டுவந்து வைத்தான் பிரசாந்த்.

"பேசாம இரு. ஆறாவது போடப் போறான்."

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். சத்தம் மெலிந்து, ஒரே இழையாக ஓடி, சித்தன்னவாசல் பக்கத்துப் பாறைகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. ஆறாவது கியர் விழுந்த இடம் அவன் காதில் படவே இல்லை. அவ்வளவு சுத்தமாக வீரன் மாற்றியிருந்தான்.

ரெங்கராஜ் ஐந்து விரலையும் மடக்கியபடியே நின்றான். டீ ஆறிக்கொண்டிருந்தது.